தந்தை மட்டும் தந்த கரு

நாள் தள்ளிப்போய் இரண்டரை மாதம். குமட்டலும் வாந்தியும் ஓயவில்லை. வயிறு மாதக் கணக்கை மீறி மேடிட்டிருக்கிறது; அவ்வப்போது ரத்தம் படுகிறது. மருந்துக்கடையில் வாங்கிய பரிசோதனைப் பட்டையோ ஒற்றைக் கோட்டைக் காட்டி, கர்ப்பமே இல்லை என்கிறது. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் அபூர்வமாக இப்படி நேர்வதுண்டு. அந்தப் பட்டையில் இரண்டு எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் ஒரே மூலக்கூறை இரண்டும் சேர்ந்து பிடித்தால்தான் கோடு விழும். ஹார்மோன் வெள்ளமாகப் பெருகிவிட்டால் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது, கோடு விழுவதில்லை. அதே சிறுநீரில் தண்ணீர் கலந்து சோதித்தால் கோடு தெரிந்துவிடும்!

இவ்வளவு ஹார்மோன் எங்கிருந்து வருகிறது? நஞ்சுக்கொடியின் செல்கள்தான் அதைச் சுரக்கின்றன. முழுமையான முத்துப்பிள்ளையில் குழந்தை உருவாவதே இல்லை. நஞ்சுக்கொடியின் விரல் போன்ற திசுக்கள் நீர்கோத்து, திராட்சைக் கொத்தாகக் கருப்பையை நிறைக்கின்றன.

இந்தக் கருவின் குரோமோசோம்கள் அனைத்தும் தந்தையிடமிருந்து வந்தவை என்று 1977-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கஜீயும் ஒஹாமாவும் காட்டினார்கள். தன் குரோமோசோம்களை இழந்துவிட்ட முட்டைக்குள் ஒரு விந்தணு நுழைகிறது. அதன் 23 குரோமோசோம்கள் தம்மையே நகலெடுத்து 46 ஆகின்றன. சில நேரம் இரண்டு விந்தணுக்கள் நுழைவதும் உண்டு. தாயின் பங்காக எஞ்சுவது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சொற்ப டி.என்.ஏ. மட்டுமே.

எண்ணிக்கை சரியாக 46. பிறகு ஏன் குழந்தை இல்லை? எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய வியப்பு இதற்கான விடைதான். 1984-இல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியின் குழுவும், அமெரிக்காவில் மெக்ராத், சோல்ட்டர் இருவரும் எலிக் கருக்களில் உட்கருக்களை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். தந்தைவழி மரபணுக்கள் மட்டும் இருந்த கருவில் நஞ்சுத் திசு செழித்தது, உடல் குன்றியது. தாய்வழி மட்டும் இருந்தால் உடல் ஓரளவு உருவானது, நஞ்சுத் திசு வளரவில்லை. எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்ற முத்திரை சில மரபணுக்களில் பதிந்திருக்கிறது. அதைப் பொறுத்தே அவை வேலை செய்கின்றன அல்லது உறங்குகின்றன. முத்துப்பிள்ளைக்கு நேரெதிராக, சினைப்பையில் விந்தணுவே இல்லாமல் முட்டை தானாக வளரத் தொடங்கினால் டெர்மாய்டு கட்டி உண்டாகிறது. அதை அறுத்தால் முடி, பல், தோல் எல்லாம் கிடைக்கும், நஞ்சுக்கொடி கிடைக்காது.

ஆகவே, முத்துப்பிள்ளை வந்தவளிடம் என்ன சாப்பிட்டாய், எதைத் தூக்கினாய் என்று விசாரிப்பது அநியாயம். கருத்தரித்த கணத்திலேயே முடிந்துபோன விஷயம் அது.

ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. பலருக்கு லட்சத்தைத் தாண்டியிருக்கும். இந்த ஹார்மோன் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைப் போன்ற அமைப்புடையது என்பதால் சிலருக்குப் படபடப்பும் கைநடுக்கமும் வரும். சினைப்பையில் நீர்க்கட்டிகள் தோன்றலாம். அவை பிறகு தாமாகவே சுருங்கும். 20 வாரத்துக்கு முன்பே ரத்த அழுத்தம் எகிறினால் மருத்துவர் முத்துப்பிள்ளையைச் சந்தேகிப்பார். இப்போது ஸ்கேன் சீக்கிரமே எடுக்கப்படுவதால், பார்வைக்குச் சாதாரணக் கருச்சிதைவு போலவே தெரிவதும் அதிகம். அதனால் கருப்பையிலிருந்து எடுத்த திசுவைக் கொட்டிவிடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பி57 என்ற புரதத்தைத் தேடுவார்கள். தாயின் மரபணுவிலிருந்தே அது உருவாவதால், முழு முத்துப்பிள்ளையின் நஞ்சுத் திசுவில் அதற்கான சாயம் ஏறாது. இரு விந்தணுக்கள் சேர்ந்து 69 குரோமோசோம் கொண்ட பகுதி முத்துப்பிள்ளையில் தாயின் பங்கும் இருப்பதால் சாயம் ஏறிவிடும்.

கருப்பையை உறிஞ்சிச் சுத்தம் செய்வதுதான் சிகிச்சை. ஆனால் அத்துடன் வீட்டுக்குப் போய் மறந்துவிட முடியாது. முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் 15 முதல் 20 சதவீதத்தினருக்கு எஞ்சிய செல்கள் மறுபடி பெருகும். அரிதாக நுரையீரல் வரை பரவும். வாராவாரம் ரத்தப் பரிசோதனை கேட்பது இதற்காகத்தான். அளவு இறங்கிக்கொண்டே வந்தால் நிம்மதி. ஒரே இடத்தில் நின்றாலோ ஏறினாலோ மருந்து தொடங்க வேண்டும். இடையில் புதிதாகக் கர்ப்பமானால் எந்த ஹார்மோன் எதனுடையது என்று பிரிக்க முடியாமல் போகும். அதனால்தான் சில மாதங்கள் கருத்தடை.

இந்த ஹார்மோன் அளவுக்காக ஒருவர் வேலையை இழந்திருக்கிறார். 1956-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மின் சியு லீ, நஞ்சுத் திசுப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய பெண்ணுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார். எக்ஸ்ரேயில் கட்டிகள் மறைந்தன. ஹார்மோன் மட்டும் சிறிது மிஞ்சியிருந்தது. அது மறையும்வரை லீ மருந்தை நிறுத்தவில்லை. வீண் நஞ்சைக் கொடுக்கிறார் என்று அவரை வெளியேற்றினார்கள். முன்கூட்டியே நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது பின்னர் தெரிந்தது. 1972-இல் லீக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. செல் பிளவுக்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அந்த மருந்து, எல்லாப்பிரகடா சுப்பாராவ் வழிநடத்திய லெடர்லி ஆய்வகத்திலிருந்து வந்தது. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

இன்றும் அபாயம் குறைந்தவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட்தான் முதல் மருந்துகளில் ஒன்று. அவர்களில் ஏறக்குறைய அனைவரும் குணமாகிறார்கள். அபாயம் கூடியவர்களுக்குப் பல மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. அவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். கருப்பையை எடுக்க வேண்டிய தேவை பலருக்கு வருவதில்லை. மீண்டும் முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றளவே. என்.எல்.ஆர்.பி.7 போன்ற ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் பழுதான மிகச் சில பெண்களுக்கு மட்டும் அது திரும்பத் திரும்ப வரும்; தானமாகப் பெற்ற கருமுட்டை அவர்களுக்கு வழி. மற்றவர்கள் அடுத்த முறை நாள் தள்ளியதும் சீக்கிரமாக ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டால் போதும்.