சொந்த மனையில் கட்டின வீடு: கேஸ் எங்கே போடுவது?

ஆவடி பக்கம் நண்பர் ஒருவர் தன் மனையில் வீடு கட்டினார். மெட்டீரியலோடு சேர்த்து சதுர அடி ரேட் பேசின காண்ட்ராக்ட். கிரகப்பிரவேசம் முடிந்து வந்த முதல் மழையிலேயே மாடி ரூம் சீலிங்கில் ஓதம். பில்டருக்கு போன் பண்ணினால் "அடுத்த வாரம் ஆள் அனுப்புறேன் சார்". அந்த அடுத்த வாரம் ஒன்றரை வருஷமாக வரவில்லை. "ரேராவில் போடலாமா?" என்று என்னைக் கேட்டார். நான் வக்கீல் இல்லை, கோடு எழுதுகிறவன். ஆனாலும் உட்கார்ந்து படித்தேன்.

2016 ரேரா சட்டம் கட்டுமானக் குறைக்கு 5 வருஷப் பொறுப்பு வைக்கிறது, நிஜம்தான். ஆனால் அது விற்பதற்காகக் கட்டுகிறவருக்கு. நம் மனையில் நமக்காகக் கட்டித் தரும் காண்ட்ராக்டர் அதில் சிக்கமாட்டார். மிச்சம் இருப்பது சிவில் கோர்ட், இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஃபகீர் சந்த் குலாட்டி எதிர் உப்பல் ஏஜென்சீஸ். டெல்லி கைலாஷ் காலனியில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட 1991இல் மனைக்காரர் பில்டரோடு ஒப்பந்தம் போட்டார். கட்டின பங்கில் ஒன்று இவருக்கு, மிச்சம் பில்டருக்கு. வேலையில் குறை, பிளானை மீறின கட்டுமானம் என்று புகார் கொடுத்தார். "இது கூட்டு வியாபாரம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று மாவட்டம், மாநிலம், தேசியம் மூன்று படியிலும் தள்ளிவிட்டார்கள். 2008 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அவர் நுகர்வோர்தான் என்றது. புகாரைக் கேட்கலாம் என்று சொல்லவே அத்தனை வருஷம்! பணத்துக்குப் பதில் மனையில் பங்கு கொடுத்தவரே நுகர்வோர் என்றால், ரொக்கமாக எண்ணிக் கொடுத்த நம் ஆளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கட்டுமானம் ஒரு சேவை என்பது 1993லிருந்தே சட்டத்தில் இருக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர். அம்பத்தூர் தாலுகா 2018இல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது, அதனால் அவர்களுக்குச் சென்னை. கொடுத்த பணம் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். ஃபீஸ் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான்.

மாட்டிக்கொள்வது கெடுவில். 2 வருஷத்துக்குள் புகார் போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காரக்கூடாது. "அடுத்த வாரம்" என்கிற பில்டர் தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கடிகாரத்தைத்தான் ஓடவிடுகிறார்.

இன்னொன்று, பொறுக்கமுடியாமல் நாமே வாட்டர்ப்ரூஃபிங் போட்டுவிட்டால் சாட்சியும் சேர்ந்து மூடிக்கொள்ளும். முதலில் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, தேதியோடு போட்டோ, அறிக்கை. அப்புறம் பதிவுத் தபாலில் நோட்டீஸ். அதற்கப்புறம் ரிப்பேர்.

நண்பரிடம் இருப்பது 2 பக்கக் கொட்டேஷன், பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் மெசேஜ்கள். கெடுவுக்கு 6 மாசம் பாக்கி. மாடி ரூமில் இப்போதைக்கு பக்கெட் வைத்திருக்கிறார். இந்த சனிக்கிழமை இன்ஜினியர் வருகிறார்.