ஆணியை மரம் பார்த்துக்கொள்ளும், சிமெண்டை?

மரத்தில் ஆணி அடித்தால் 25,000 ரூபாய் வரை அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2019-இல் எச்சரித்தது. பெங்களூரிலும் புனேயிலும் அதற்கு முந்தைய ஆண்டே குடியிருப்போர் ஆணி பிடுங்கக் குறடும் கையுமாகக் கிளம்பிவிட்டார்கள். ஆணி என்றதும் வடிவேலு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. என்றாலும் நல்ல வேலைதான். கூடவே பரவும் பேச்சுதான் உறுத்துகிறது: ஓர் ஆணி போதுமாம், துரு விஷமாகி மரமே பட்டுப்போகுமாம். அரியலூர் மாவட்டத்துத் தா.பழூர் மாதிரியான ஒன்றியத் தலைமையிடங்களில் டியூஷன் சென்டர், போர்வெல், மனை விற்பனைத் தகடு ஏதாவது ஒன்று தொங்காத சாலையோர மரம் அபூர்வம். ஆணியால் சாவதென்றால் அவை என்றைக்கோ செத்திருக்க வேண்டும்.

மரத்துக்குக் காயம் ஆறுவதே இல்லை என்பதுதான் இதில் ரசமான சங்கதி. கெட்ட கட்டை கெட்டதுதான். மரம் அதை அடைத்துப்போட்டுவிட்டு வெளிப்பக்கம் புதிதாக வளர்கிறது. பாம்பு புகுந்த அறையைச் சுற்றிச் சுவர் எழுப்பிப் பூசிவிட்டு, முன்பக்கம் புது அறை இழுத்துக்கொள்ளும் கூட்டுக்குடும்பம் மாதிரி. சுவர்கள் நான்கு. மேலும் கீழும் அடைக்கும் சுவர் சொத்தை: நீர் ஏறும் நெடுங்குழாய்களில் எதையாவது திணித்து அடைக்கப் பார்க்கும், பாம்பான பூஞ்சை கொஞ்சதூரம் நழுவத்தான் செய்யும். உள்நோக்கிய சுவர் பரவாயில்லை. நடுவிலிருந்து பட்டைவரை ஓடும் கதிர்ச்செல்களாலான பக்கச்சுவர் இன்னும் பலம். நான்காவதுதான் கொத்தனார் பெயர் சொல்லும் சுவர். காயம் பட்டபின், பட்டைக்கடியில் புதுக்கட்டை வளர்க்கும் அடுக்கான கேம்பியம் தனியாகக் கட்டுவது. அதைத் தாண்டிப் பூஞ்சை புதுக்கட்டைக்குள் வருவது கடினம். உள்ளே பொந்தாகிப்போன புளியமரம் வருஷம் தவறாமல் காய்ப்பது இதனால்தான்: பின்கட்டு இடிந்துவிட்டது, குடும்பம் முன்கட்டில் சௌக்கியம். வேம்பில் ஆணியைச் சுற்றிப் பிசின் கசிந்து திரண்டிருக்கும். சில ஆண்டில் பட்டையின் விளிம்பு புடைத்து வந்து தகட்டின் ஓரத்தையே விழுங்கத் தொடங்கும். மரம் எவ்வளவு உயர்ந்தாலும் ஆணி அடித்த மட்டத்திலேயே நிற்கும், ஏனென்றால் மரம் நுனியில்தான் நீள்கிறது, நடுவில் பருக்க மட்டுமே செய்கிறது. பனை, தென்னைக்குக் கேம்பியம் கிடையாது. அந்த வீட்டில் கொத்தனாரே இல்லை. ஓட்டை விழுந்தால் ஆயுளுக்கும் ஓட்டைதான்.

இந்தச் சுவர்க்கணக்கை 1977-இல் வகுத்துச் சொன்னவர் அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷிகோ. சங்கிலி ரம்பத்தால் மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தவர். காயத்தில் எதைப் பூசினாலும் அழுகல் நிற்காது என்றும் காட்டினார். தார் பூசுவது இன்னும் நிற்கவில்லை. வரலாறு இவ்வளவு போதும்.

அப்படியானால் ஆணி அடிக்கலாமா? கூடாது. அடைத்துப்போட்ட ஒவ்வோர் அறையும் மாவுச்சத்து சேமிக்கும் குதிர் இருந்த இடம். நூறு ஆணிக்கு நூறு அறை போனால் வறட்சி ஆண்டில் எடுத்துச் சாப்பிட இருப்பு குறையும். அதற்காகப் பட்டை மூடிவிட்ட பழைய ஆணியை உளி வைத்துத் தோண்டுவது, பூசிய சுவரை நாமே இடிப்பது. தலை தெரியும் ஆணி நேராக வந்தால் எடுக்கலாம், அடம்பிடித்தால் விட்டுவிடலாம். கேபிள் கம்பியை மட்டும் உடனே வெட்ட வேண்டும். ஆணி கெடுப்பது ஓரிடத்தை. சுற்றிக் கட்டிய கம்பியோ மரம் பருக்கப் பருக்க இறுகி, இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை இறங்கும் பட்டையை முழுச்சுற்றும் நெரிக்கிறது.

இதையெல்லாம்விடப் பெரிய கேடு போட்டோவுக்குத் தோதில்லாதது. சிமெண்டுக்குப் பேர்போன மாவட்டம் அரியலூர். அங்கென்றில்லை, எங்குமே அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசி, பேவர் கல் பதிப்பதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். வேர் ஆழத்தில்தானே இருக்கிறது என்பார்கள். நீர் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில்தான் இருக்கிறது, அவற்றுக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். வேர் மூச்சுமுட்டினால் மரம் மெலியும். மெலிந்த மரத்திடம் சுவர் கட்டவும் சரக்கு இருக்காது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் டெல்லி மரங்கள் குறித்து உத்தரவிட்டபோது, பலகைகளையும் கம்பிகளையும் நீக்கச் சொன்னதோடு, அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டைப் பெயர்த்தெடுக்கவும் சொன்னது. கடைவாசலில் வண்டி நிறுத்தும் இடம் போய்விடுமே என்ற கடைக்காரரின் கவலையும் நியாயம்தான். ஒரு மரத்துக்கு இரண்டு பைக் நிற்கும் இடம் போகும். சித்திரை வெயிலில் அந்த பைக்குகள் தேடி வந்து நிற்பதும் அந்த நிழலில்தான்.