நாய்க்குட்டிக்குப் பிறந்த எழுத்து

1994 இல் மைக்ரோசொப்ற் நிறுவனத்தில் ஒரு மென்பொருளைப் பார்த்தார் வின்சென்ட் கொனாரே. அதிலே ஒரு கார்ட்டூன் நாய் பத்திரிகை அச்செழுத்தில் பேசிக்கொண்டிருந்தது! பொருத்தமில்லையே என்று, சித்திரக்கதைப் புத்தகங்களின் கையெழுத்தைப் பார்த்து அவர் வரைந்ததுதான் 'கொமிக் சான்ஸ்' என்ற ஆங்கில எழுத்து. முனைகள் உருண்டு, கோடுகள் சற்றுக் கோணலாக, கையால் எழுதியது போலவே இருக்கும். பிறந்தநாள் அழைப்பிதழ், பாலர் பாடசாலை அறிவித்தல் எல்லாவற்றுக்கும் நல்லது.

2012 இல் ஹிக்ஸ் துகள் ஆய்வு முடிவை பபியோலா ஜியனொட்டி என்ற பெண் விஞ்ஞானி இந்த எழுத்தில் காட்டினார். முடிவை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்துச் சிரித்தார்கள் பலர். எனக்கு அது கோபந்தான். ஆனாலும் சகோதரிகளே, காணிக்கோ காணாமற்போனவருக்கோ ஆங்கிலத்தில் மனு அடிப்பிக்கும்போது சாதாரண எழுத்தையே கேளுங்கள். ஊறுகாய்ப் போத்தல் லேபலுக்கு இது வடிவாக இருக்கும்.