லியா மனோலியுவும் ஒரு கிலோ வட்டும்

1968-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி மெக்சிகோ நகரத்து ஒலிம்பிக் அரங்கில் நடந்தது என்னவென்று விளையாட்டு ரசிகர் எவரையேனும் வினவினால், பாப் பீமன் என்ற அமெரிக்க இளைஞர் நீளந்தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டி உலகைத் திகைக்க வைத்த கதையைத்தான் சொல்வார். அதே தினத்தில், அதே அரங்கில், முப்பத்தாறு பிராயம் கடந்த ருமேனிய மாது ஒருவர், காயம்பட்ட கையால் வட்டெறிந்து தங்கப் பதக்கம் பெற்றதை நினைவில் வைத்திருப்போர் சொற்பம். என் அபிப்பிராயத்தில் இவ்விரண்டில் பின்னதே அதிக ஆச்சரியத்துக்கு உரியது. பீமனுக்குச் சகாயம் செய்த ஆகாயம் இந்த மாதுக்கு விரோதமாகவே இருந்தது என்பது அதற்கு ஒரு காரணம்.

லியா மனோலியு 1932-இல் கிஷினாவ் நகரில் பிறந்தவர். இன்று மால்டோவா தேசத்தின் தலைநகராக விளங்கும் அவ்வூர் அன்று ருமேனியாவைச் சேர்ந்திருந்தது. பொறியியல் கற்றுத் தேர்ந்தவர். 1952-இல் ஹெல்சிங்கியில் ஆறாமிடம், 1956-இல் மெல்பர்னில் ஒன்பதாமிடம், 1960-இல் ரோமில் வெண்கலம், 1964-இல் டோக்கியோவில் மறுபடியும் வெண்கலம் என்று அவருடைய ஒலிம்பிக் யாத்திரை நிதானமாகவே நடந்தது. டோக்கியோவில் தங்கம் வென்ற சோவியத் வீராங்கனை தமாரா பிரெஸ் எறிந்தது 57.27 மீட்டர், மனோலியு எறிந்தது 56.97. முப்பது சென்டிமீட்டர், அதாவது ஒரு பள்ளிக்கூட அளவுகோலின் நீளம், முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் நடுவே கிடந்தது. ஆயினும் அடுத்த ஒலிம்பிக் நெருங்கியபோது, வயது மீறிவிட்டது, இனிப் பயிற்சிக்கு வரவேண்டாம் என்று அந்நாட்டுத் தடகள நிர்வாகிகள் அவருக்குத் தெரிவித்துவிட்டார்கள். அவர் பயிற்சியை விடவில்லை.

வட்டு எறிதல் தேகபலத்தின் வித்தை என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். பெண்கள் எறியும் வட்டின் எடை ஒரு கிலோ, குறுக்களவு ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். காய்கறிக் கடையில் நாம் சாதாரணமாகத் தூக்கும் பாரந்தான். அதை நான்கு விரல்களின் முதற்கணுக்கள் விளிம்பில் மடங்கி நிற்க, உள்ளங்கை மேலே படிந்திருக்க, இறுகப் பற்றாமலே ஏந்துகிறார்கள். இரண்டரை மீட்டர் குறுக்களவுள்ள சிமெண்டு வளையத்துக்குள், எறியும் திசைக்கு முதுகு காட்டி நின்று, ஒன்றரைச் சுற்றுச் சுழன்று, கால், இடுப்பு, தோள், கை என்று கிரமமாக வேகத்தை மேலேற்றி, கடைசியில் ஆள்காட்டி விரலின் நுனியால் வட்டுக்கு ஒரு சுழற்சி கொடுத்து அனுப்புகிறார்கள். இந்தக் கிரமத்தில் இடுப்புக்கு முன்பாகத் தோள் திரும்பிவிட்டால் எத்தனை பலமிருந்தும் பிரயோஜனம் இல்லை.

விரல் நுனி கொடுக்கும் அந்தச் சுழற்சியிலேதான் சூட்சுமம் இருக்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் வட்டும் தன் சாய்மானத்தை மாற்றாமல் காற்றில் மிதந்து செல்கிறது. அவ்வாறு செல்கையில் அதன் அடிப்பக்கத்தைக் காற்றுத் தாங்கி மேலே உந்துகிறது. ஆகவேதான், குறுந்தூரம் ஓடுகிறவரும் நீளந்தாண்டுகிறவரும் முதுகுக்குப் பின்னால் காற்று வீச வேண்டுமென்று பிரார்த்திக்க, வட்டெறிபவரோ முகத்துக்கு நேரே மிதமான காற்று வராதா என்று ஏங்குகிறார். எதிர்க்காற்று வட்டைத் தடுக்கவும் செய்கிறது, தாங்கவும் செய்கிறது. வட்டின் சாய்மானம் சரியாக அமைந்தால் தடுப்பதைவிடத் தாங்குவது அதிகமாகி, சில மீட்டர் தூரம் கூடுதலாகக் கிடைக்கும். சாய்மானம் மிகுந்துவிட்டாலோ காற்றின் பிடிப்பு அறுந்து, வட்டு பாதி வழியிலேயே வீழும்.

பெண்கள் வட்டின் எடை ஆண்கள் வட்டில் பாதி. ஆனால் பரப்போ பாதியல்ல, மூன்றில் இரண்டு பங்கு. எடைக்கு அதிகப் பரப்பு இருப்பதால் காற்று அதை அதிகமாக ஆள்கிறது. 1988-இல் கிழக்கு ஜெர்மனியின் காப்ரியேலே ரைன்ஷ் எறிந்த 76.80 மீட்டர் இன்றும் பெண்கள் உலக சாதனையாக நிற்க, ஆண்களில் லிதுவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா 2025-இல் 75.56 மீட்டர் எறிந்தும் அதை எட்டவில்லை. இப்படி ஒப்பிடும்போது, எறியப்படும் பொருள் வேறு என்பதையும், அக்காலத்துக் கிழக்கு ஜெர்மானிய விளையாட்டுத் துறையில் அரசாங்கத்தின் ஏற்பாட்டிலேயே ஊக்கமருந்து புழங்கியது பின்னர் வெளிப்பட்டதையும் மறக்கலாகாது.

மெக்சிகோ நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். குறுந்தூரம் ஓடுகிறவருக்கும் நீளந்தாண்டுகிறவருக்கும் எதிர்ப்புக் குறைந்தது லாபம். வட்டுக்கோ தாங்கும் காற்று குறைந்தது நஷ்டம். போதாக்குறைக்குப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் மனோலியுவின் எறியும் கை காயம்பட்டிருந்தது. பலமான வீச்சு ஒன்றுக்குமேல் அது தாங்காமற் போகலாம் என்று வைத்தியர்கள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கையின் நியாயத்தைக் கணக்கிட்டே அறியலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், உடலின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிச் சுற்றும் ஒரு கிலோ வட்டு, கையை வெளிப்புறமாக இழுக்கும் விசை ஏறக்குறைய 50 கிலோ பாரத்துக்குச் சமம். அத்தனையும் நோயுற்ற கையின் வழியாகத்தான் போயாக வேண்டும்.

முதல் வாய்ப்பிலேயே அவர் 58.28 மீட்டர் எறிந்தார். பிறகு மழை வந்தது. ஈரம் பட்ட விளிம்பு விரலில் நிற்காது. ஈரச் சிமெண்டில் சுழல்கிறவரின் பாதம் தன் எல்லையை மீறும். பெண்களில் முதன்முதலாக 60 மீட்டரைக் கடந்தவரும் அன்றைய உலக சாதனையாளருமான மேற்கு ஜெர்மனியின் லீசல் வெஸ்டர்மன்னால்கூட 57.76-க்கு மேல் போக முடியவில்லை. மழையின் தயவால் வந்த தங்கம் என்று சிலர் சொல்லக்கூடும். மழை மற்றவர்களைத் தடுத்தது வாஸ்தவமே. அதற்கு முன்பே, மெலிந்த காற்றில், அந்த ஒற்றை வீச்சுக்குள் இருபது வருஷத்து அநுபவம் முழுவதையும் திரட்டி வைத்தது மழையன்று.

நான்கு வருஷம் கழித்து மியூனிக்கிலும் மனோலியு களத்தில் நின்றார். ஆறு ஒலிம்பிக்குகளில் பங்கேற்ற முதல் தடகள வீரர், ஆண் பெண் இருபாலாரிலும், அவரே. அங்கேயும் 58 மீட்டரைக் கடந்து எறிந்தார். ஆனால் சோவியத் யூனியனின் ஃபைனா மெல்னிக் 66.62 மீட்டரில் தங்கம் கொண்டுபோன அப்போட்டியில் அது ஒன்பதாமிடத்துக்கே போதுமானதாயிருந்தது. 1990 முதல் 1998-இல் காலமாகும் வரை ருமேனிய ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்தார். வயதைக் காட்டி அவரை விலக்கப் பார்த்த நிர்வாகத்துக்கு இதைவிட நயமான பதில் கிடையாது. மெக்சிகோவில் வென்ற அன்று அவர் வயது 36 வருஷமும் 176 நாளும். தடகளத்தில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற மாதருள் மூத்தவர் என்ற ஸ்தானம், சிட்னியில் 2000-ஆம் வருஷம் தம் 39-ஆம் வயதில் வென்ற பெலாரஸ் நாட்டு எலினா ஸ்வெரெவாவிடம் போயிற்று. அவர் வென்றதும் வட்டு எறிதலிலேதான்.