அமெரிக்க சின்ன கம்பெனி ஷேருக்கும் வில்லங்கம் பாருங்க!



வேப்பம்பட்டுல ஒரு மனை வாங்கணும்னா முதல்ல என்ன செய்வோம்? வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம், தாய்ப்பத்திரம் கேட்போம். ஆனா கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் முடிஞ்சு வீடு திரும்பும்போதே, பேரு கூட சரியா தெரியாத ஒரு அமெரிக்க கம்பெனி ஷேரை மொபைல்ல வாங்கிடறோம். அதுக்கும் வில்லங்கம் பார்க்கலாம். பைசா செலவு கிடையாது.

இங்க செபி மாதிரி அங்க எஸ்.இ.சி. அதோட 'எட்கர்' வெப்சைட்ல கம்பெனி பேரைப் போட்டா எல்லா அறிக்கையும் வரும். 10-கே என்பது ஆடிட் ஆன ஆண்டறிக்கை. 10-க்யூ காலாண்டு அறிக்கை. நடுவுல முக்கியமா ஏதாவது நடந்தா, பொதுவா நாலு வேலை நாளுக்குள்ள 8-கே போடணும். நாஸ்டாக்ல இருக்கிற நம்ம சென்னை சிஃபி மாதிரி வெளிநாட்டு கம்பெனின்னா 20-எஃப், 6-கே.

இதுல பலரும் படிக்காம விடறது 8-கே தான். எபிக்ஸ் கதையைப் பாருங்க. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து கம்பெனி. இந்தியாவுலயும் பெரிய பிசினஸ். 2021 பிப்ரவரியில அதோட ஆடிட்டர் ஆர்.எஸ்.எம். ஆண்டு ஆடிட்டை முடிக்காமலேயே விலகிட்டாங்க. காரணம் 8-கே-லயே இருந்தது. இந்தியாவின் கிஃப்ட் கார்டு பிசினஸ்ல 2020 கடைசி காலாண்டில் நடந்த சில பெரிய, வழக்கத்துக்கு மாறான பரிவர்த்தனைகள் எதுக்காக நடந்ததுன்னு, திரும்பத் திரும்பக் கேட்டும் போதுமான ஆதாரம் கிடைக்கலைன்னு ஆடிட்டர் சொன்னாங்க. வக்கீலோட டிரஸ்ட் கணக்குக்குப் போன 3 கோடி டாலரைக் கணக்குல எப்படிக் காட்டணும் என்பதிலும் தகராறு. கம்பெனி இதையெல்லாம் ஏத்துக்கலை.

ஷேர் ஒரே நாள்ல சுமார் 40% விழுந்தது. சார்ட்டை மட்டும் பார்த்தவங்களுக்கு இது 'சீப்பா கிடைக்குது'. 8-கே படிச்சவங்களுக்கு இது வேற விஷயம். ஆடிட்டர் விலகினாலே மோசடின்னு அர்த்தம் இல்லை. ஆனா 'ஆதாரம் கிடைக்கலை'ன்னு எழுதி வெச்சுட்டு ஒரு ஆடிட்டர் போறார்னா, அந்த லாபக் கணக்கை நம்பி நீங்க விலை போட முடியாது. எபிக்ஸ் வங்கிக் கடனை அடைக்க முடியாம 2023 டிசம்பர்ல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு. நடுவுல கிட்டத்தட்ட மூணு வருஷம். வெளியேற நேரம் இல்லாம இல்லை.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி இந்த வரிசையில பாருங்க:

1. 8-கே பட்டியல்ல ஐட்டம் 4.01 இருக்கா? அது ஆடிட்டர் மாற்றம். 4.02 இருந்தா இன்னும் உஷார்: பழைய கணக்கை நம்பாதீங்கன்னு கம்பெனியே சொல்லுது.

2. 10-கே-ல 'கோயிங் கன்சர்ன்' என்ற வார்த்தையைத் தேடுங்க. அடுத்த ஒரு வருஷம் கம்பெனி தாக்குப்பிடிக்குமான்னு சந்தேகம் இருந்தா அங்க தெரியும். கூடவே, கடன் எப்போ திருப்பணும்னு நோட்ஸ்ல பாருங்க.

3. லாபம் ஏறுது, ஆனா ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோ ஏறலையா? விற்றதா காட்டின பணம் கைக்கு வரலைன்னு அர்த்தமா இருக்கலாம். காரணத்தை நோட்ஸ்ல தேடுங்க.

4. 10-கே முதல் பக்கத்துல மொத்த ஷேர் எண்ணிக்கை இருக்கும். நாலு வருஷத்தை ஒப்பிடுங்க. எண்ணிக்கை இரட்டிப்பா ஆகியிருந்தா, கம்பெனியில உங்க பங்கு பாதியா கரைஞ்சிருக்கும்.

எட்கர்ல அறிக்கையே இல்லாத கம்பெனியா? விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் தொடாதீங்க.

இதுக்கெல்லாம் சி.ஏ. படிச்சிருக்கணும்னு அவசியம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு மணி நேரம் போதும். ஒரு மாச ஓ.டி. பணத்தைப் போடறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு மணி நேரத்தைப் போடுங்க.

வாங்கின வெளிநாட்டு ஷேரை ஐ.டி.ஆர்.-ல ஷெட்யூல் எஃப்.ஏ.-ல எப்படிக் காட்டணும்னு அடுத்த வீடியோவுல பார்ப்போம்.