மறதியால் பிழைத்த நாயகன்

என் சிறுவயதில் நாகர்கோவில் தெருச் சிறுவர்களிடையே பிலிம் துண்டு ஒரு நாணயமாகவே புழங்கியது. நாலைந்து துண்டுகள் இருந்தால் ஒரு கோலிக்குண்டு கிடைக்கும். திரையரங்கில் அறுந்துபோன சுருளை ஒட்டும்போது வெட்டியெறிந்த மிச்சங்கள் எப்படியோ பெட்டிக்கடை வரை வந்து சேர்ந்துவிடும். பழுதான மின்விளக்கின் உட்பகுதியை எடுத்துவிட்டு நீர் நிரப்பினால் அதுவே உருப்பெருக்கி. முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலை வாங்கி இருட்டறைக்குள் திருப்பி, துண்டைத் தலைகீழாகப் பிடித்தால், அப்பாவின் வேட்டியில் கதாநாயகன் நிமிர்ந்து நிற்பார். ஆனால் அசைய மாட்டார். என்னிடம் இருந்த துண்டுகளுள் ஒன்றில் மட்டும் மனிதர் இல்லை. கையால் வரைந்து வண்ணம் தீட்டிய ஏதோ ஒரு விலங்கு இருந்தது. அது எந்தப் படத்தின் துண்டு என்பதைப் பிறகு ஒருபோதும் கண்டறிய முடியவில்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் வடசேரிப் பேருந்து நிலையத்தின் அருகே நடைபாதையில் என் மகனுக்கு ஒரு விசிடி வாங்கினேன். விலை முப்பது ரூபாய். உறையின் மேல் பிற்காலத்து சூப்பர்மேன் நடிகரின் படம். உள்ளே இருந்தவையோ 1940களின் கார்ட்டூன் குறும்படங்கள். வண்ணங்கள் வெளிறி எல்லாம் செம்மண் நிறமாகியிருந்தன. ஒலி கரகரத்தது. இருந்தும் அப்பாவும் மகனும் அன்றிரவே அத்தனையையும் பார்த்து முடித்தோம். இடையில் அவன் கேட்ட கேள்வி நினைவிருக்கிறது: "அப்பா, சூப்பர்மேன் ஏன் பறக்காமல் தாவுகிறார்?"

நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்வதென்றால் அந்தப் படங்கள் உருவான கதையைச் சொல்ல வேண்டும்.

ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் படைத்த சூப்பர்மேன் 1938இல் சித்திரக்கதை இதழில் அறிமுகமானார். அந்தப் பாத்திரத்தின் உரிமையை அவர்கள் விற்ற விலை 130 டாலர். அடுத்த மூன்றே ஆண்டுகளில் பாரமவுண்ட் நிறுவனம் அவரைத் திரைக்குக் கொண்டுவர விரும்பி, பாப்பாய், பெட்டி பூப் படங்களை எடுத்துப் புகழ்பெற்றிருந்த மேக்ஸ் ஃப்ளெய்ஷர், டேவ் ஃப்ளெய்ஷர் சகோதரர்களை அணுகியது. மனித உருவை இயல்பாக அசைய வைப்பது எத்தனை கடினம் என்று அறிந்திருந்த டேவ், வேலையைத் தட்டிக் கழிக்கும் நோக்கில் ஒரு படத்துக்கு 1,00,000 டாலர் ஆகும் என்று சொன்னதாகக் கூறப்படுகிறது. பாரமவுண்ட் பின்வாங்கவில்லை, பேரம் பேசி முதல் படத்துக்கு 50,000 டாலர் என முடித்தது. பத்து நிமிடக் கார்ட்டூனுக்கு அது அந்நாளில் கேள்விப்படாத தொகை. அடுத்து வந்தவற்றுக்கு ஏறத்தாழ 30,000 டாலர். முதல் படம் 1941 செப்டம்பர் 26 அன்று வெளியாகி, ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. விருதை வென்றது டிஸ்னியின் படம்.

அந்தப் பணம் எங்கே போனது என்பதைச் சிறு கணக்கால் விளக்கலாம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. பத்து நிமிடத்துக்கு 14,400. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்குப் பயன்படுத்தினாலும் 7,200 ஓவியங்கள் தேவை. ஒவ்வொன்றும் முதலில் தாளில் வரையப்பட வேண்டும்; பிறகு ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தகட்டில் மையால் பெயர்க்கப்பட வேண்டும்; பின்புறம் வண்ணம் பூசி, தனியாகத் தீட்டிய பின்னணியின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம்பிடிக்க வேண்டும். ஒரே சட்டகத்தில் இரண்டு மூன்று பாத்திரங்கள் அசைந்தால் தகடுகளும் அத்தனை மடங்காகும்.

ஃப்ளெய்ஷர்களிடம் இன்னொரு கருவியும் இருந்தது. மேக்ஸ் உருவாக்கி 1917இல் காப்புரிமை பெற்ற ரோட்டாஸ்கோப் அது. உண்மையான மனிதர் நடப்பதையும் திரும்புவதையும் படம்பிடித்து, அந்தச் சட்டகங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் மீது விழச் செய்து, அதன் மேல் தாளை வைத்து வரைவார்கள். நிருபர் லோயிஸ் லேன் நாற்காலியை விட்டு எழும் பாங்கில் ஓர் உண்மைப் பெண்ணின் உடற்கனம் தெரிவதற்கு அதுவே காரணம். ஆனால் ரயிலைத் தோளால் நிறுத்துபவரை எங்கே போய்ப் படம்பிடிப்பது? அங்கெல்லாம் ஓவியர்கள் தங்கள் கற்பனையையே நம்ப வேண்டியிருந்தது. மகனின் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. தொடக்ககாலச் சித்திரக்கதையில் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. உயர்ந்த கட்டடங்களைத் தாண்டிக் குதிப்பார், அவ்வளவே. அசையாத படத்தில் குதிப்பதற்கும் பறப்பதற்கும் வேறுபாடு தெரியாது. திரையிலோ, விழுந்து எழுந்து மறுபடி குதிக்கும் வீரர் தவளையாகத் தெரிந்தார். ஆகவே படிப்படியாக, இந்தக் குறும்படத் தொடரிலேயே, அவர் பறக்கத் தொடங்கினார். உலகறிந்த அந்த ஆற்றல் உறுதிப்பட்டதில் ஓவியர்களின் மேசைக்கும் பங்குண்டு. (அனுமன்கூட மகேந்திர மலையிலிருந்து தாவியதாகத்தான் நம் கதைகள் சொல்கின்றன. அந்தப் பெயர்கொண்ட மலை எங்கள் மாவட்ட எல்லையில் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் இன்று ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கிறார்கள்.)

மொத்தம் 17 படங்கள். அவற்றுள் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது 1941 நவம்பரில் வந்த இயந்திரப் பூதங்களின் கதை. உலோக மனிதர்கள் வானில் பறந்துவந்து நகைகளைக் கொள்ளையிட்டுச் செல்வார்கள். கிளார்க் கென்ட் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து உடைமாற்றுவது முதன்முதலில் இதில்தான். கொதிக்கும் உலோகக் குழம்பு மேலிருந்து கொட்டும்போது, சூப்பர்மேன் தன் மேலாடையை விரித்து லோயிஸை மூடி நிற்கும் காட்சியில் வசனமே இல்லை. இருட்டு, ஒரு செந்நிற ஒளி, நீண்ட நிழல்கள், அவ்வளவுதான். ஜப்பானில் ஹயாவோ மியாசாகி தம் படங்களில் உலவவிட்ட நீண்ட கை இயந்திர மனிதர்களில் இந்தப் பூதங்களின் சாயலைக் காணலாம். 1992இல் வந்த பேட்மேன் தொலைக்காட்சித் தொடரின் இருள் சூழ்ந்த நகரமும் இந்தக் குறும்படங்களின் வழித்தோன்றலே.

எல்லாம் போற்றத்தக்கவை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு வந்தவற்றுள் சில வெறும் பரப்புரை. ஜப்பானியரையும் ஆப்பிரிக்கரையும் அவை காட்டும் விதம் இன்று பார்க்கக் கூசும். ஆயினும் அவையும் இருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். ஒரு காலம் தன் எதிரியை எப்படி வரைந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை.

சகோதரர்களுக்கிடையே பேச்சுவார்த்தை அற்றுப்போனது. அவர்களின் முழுநீளப் படம் ஒன்று தோல்வி கண்டது. 1942இல் பாரமவுண்ட் அந்தக் கூடத்தைத் தன்வசமாக்கி, பெயரை மாற்றி, புளோரிடாவிலிருந்து நியூயார்க்குக்கு இடம்பெயர்த்தது. ஒன்பது படங்கள் ஃப்ளெய்ஷர்களுடையவை. எஞ்சிய எட்டு, அவர்கள் இல்லாமல் வந்தவை. 1943 ஜூலையோடு தொடர் நின்றது.

விசிடி முப்பது ரூபாய்க்கு நடைபாதைக்கு வந்ததன் காரணம் இதற்குப் பின்னால் நிகழ்ந்தது. அக்கால அமெரிக்கச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை 28 ஆண்டுகள். கடைசி ஆண்டில் விண்ணப்பித்தால் இன்னொரு 28 ஆண்டுகள் நீளும். விண்ணப்பிக்கத் தவறினால் உரிமை அற்றுப்போகும். படங்களின் உரிமை அப்போது சித்திரக்கதை நிறுவனத்திடம் வந்து சேர்ந்திருந்தது. 1960களின் இறுதியில் கெடு வந்தபோது அந்த நிறுவனம் உரிமையைப் புதுப்பிக்கவில்லை. பாரதியின் எழுத்துகளை 1949இல் அரசு பெற்று மக்களுக்கு வழங்கியதை நாம் நாட்டுடைமை என்கிறோம். சூப்பர்மேன் குறும்படங்களும் பொதுச்சொத்தாயின. ஆனால் அவற்றை மனமுவந்து வழங்கியவர் எவரும் இல்லை, எவரோ மறந்துபோனார்கள்.

அந்த மறதியால் விளைந்த நன்மை பெரிது. யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம் என்றான பிறகு, கையில் ஒரு சுருள் இருந்தவர்களெல்லாம் படியெடுத்தார்கள். தொலைக்காட்சி நிலையங்கள், வீடியோ கேசட் வணிகர்கள், பிறகு விசிடி, பிறகு இணையம். ஆயிரம் கைகளில் இருக்கும் பொருள் எளிதில் அழியாது. தீமையும் உண்டு. யாருக்கும் சொந்தமில்லாததைத் துடைத்து வைக்கவும் யாருமில்லை. படியின் படியின் படி என்று இறங்கி வந்ததுதான் நான் வாங்கிய செம்மண் நிறம். மூலச் சுருள்களிலிருந்து மறுசீரமைக்கப்பட்ட தொகுப்பை வார்னர் நிறுவனம் 2023இல் வெளியிட்டது. அதில் இயந்திரப் பூதங்களை மீண்டும் பார்த்தபோது, நான் பழுப்பு என்று எண்ணியிருந்த வானம் அடர்நீலமாக இருந்தது.

அந்த நீலத்தைப் பார்த்தவுடன் எனக்கு எங்கள் ஊர்ப் படம் ஒன்று நினைவுக்கு வந்தது. நாகர்கோவில் திருவிதாங்கூரோடு இருந்த காலம். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னை எடுத்த ஜே.சி. டேனியலின் உறவினர் ஆர். சுந்தர்ராஜ், நாகர்கோவிலில் ராஜேஸ்வரி பிலிம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவி 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படத்தை எடுத்தார். இயக்கியவர் பி.வி. ராவ். 1933இல் திருவனந்தபுரத்தில் படம் வெளியானது. நாவலின் உரிமை பெற்றிருந்த கமலாலயா பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. படம் நிறுத்தப்பட்டது; சுருள் பதிப்பகத்தார் வசம் போய்ச் சேர்ந்தது. சுந்தர்ராஜுக்கு அது பேரிழப்பு. ஆனால் அந்தச் சுருள் ஒரு மூலையில் நாற்பது ஆண்டுகள் கிடந்து, 1974இல் புனேவில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. தென்னிந்திய மௌனப் படங்களுள் எஞ்சியிருப்பது இது ஒன்றே எனக் கருதப்படுகிறது.

ஓடி வெற்றி கண்ட படங்களெல்லாம் அழிந்துபோக, வழக்கில் தோற்று முடங்கிய படம் பிழைத்திருக்கிறது. அங்கே உரிமையை விட்டதால் பிழைத்தது. இங்கே உரிமையைப் பிடித்ததால் பிழைத்தது. இரண்டிலும் பாதுகாக்க வேண்டும் என்று நினைத்தவர் எவரும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. 'விகதகுமார'னுக்கு அந்த நற்பேறுகூட வாய்க்கவில்லை. டேனியலின் மகன் சிறுவனாக இருந்தபோது, சுருள் எரியும் நீலச்சுடரைப் பார்க்கும் ஆசையில் அதைக் கொளுத்தி விளையாடியதாகச் சொல்லப்படுகிறது. டேனியல் 1975இல், எங்கள் ஊருக்கு அருகே அகஸ்தீஸ்வரத்தில் காலமானார்.

சிறுவன் மேல் பிழையில்லை. அந்நாளைய நைட்ரேட் சுருளின் இயல்பு அது. ஒரு பொறி போதும். 2003இல் புனேவில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கே தீக்கிரையாயிற்று. பின்னர் வந்த அசிடேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றாதவை. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் புளித்த காடியின் நெடியோடு சுருங்கி நொறுங்கும். கடற்காற்று வீசும் எங்கள் மாவட்டம் அதற்கு ஏற்ற களம். இவை தவிர, வெள்ளி எடுப்பதற்காக உருக்கப்பட்ட சுருள்கள் எத்தனையோ. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று நம்மிடம் இல்லை.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் சென்றாக வேண்டும். அதனால்தான் எவரும் படிக்காத கவிதைத் தொகுப்புகூட எங்காவது ஓர் அலமாரியில் உயிரோடிருக்கிறது. திரைப்படத்துக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. தணிக்கைச் சான்று பெறும் ஒவ்வொரு படத்தின் தரமான ஒரு படியைக் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று சட்டமியற்றுவதில் என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. தமிழ் சினிமாவால் ஆட்சிக்கு வந்தவர்களைக் கொண்ட இந்த மாநிலமாவது அதை முதலில் கேட்டிருக்கலாம்.

கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு. என் தாய்மாமா ஒரு திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தார். பிலிம் துண்டுகளில் எங்கள் தெருவில் நான் செல்வந்தனாக இருந்ததற்கு அவரே காரணம். அவர் மறைந்த பிறகு வீட்டை ஒழித்தபோது மச்சில் ஏழெட்டுத் தகர டப்பாக்கள் கிடைத்தன. திறந்ததும் காடி நெடி முகத்தில் அறைந்தது. என்ன படம் என்று ஒரு முழம் உருவிப் பார்க்கக்கூட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் ஆக்கர் கடை என்போம், அந்தப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் டப்பாக்களைத் தராசில் வைத்துவிட்டு, "பிலிம் வேண்டாம் அண்ணாச்சி, தகரம் மட்டும் போதும்" என்றார். சுருள்களை அங்கேயே ஓரமாகக் கொட்டிவிட்டு, நான்கு கிலோ தகரத்துக்கு உரிய காசை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.