டிரம்ஸ் சத்தத்தைக் காணோமா? பழைய ஜப்பானிய கேம்களைச் சரியாக ஓட்ட 5 செட்டிங்குகள்!

எமுலேட்டரை இன்ஸ்டால் செய்தாயிற்று. கேமும் திறந்துவிட்டது. ஆனால், வசனம் வர வேண்டிய கட்டம் காலி. பாட்டு கேட்கிறது, டிரம்ஸ் இல்லை. எதிரிகளோ கண் இமைப்பதற்குள் பாய்ந்து போகிறார்கள். டெலீட் பட்டனைத் தேடத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். கோளாறு பெரும்பாலும் செட்டிங்கில்தான் இருக்கும்.

அப்படி என்ன கம்ப்யூட்டர் அது?

ஜப்பானின் என்.இ.சி நிறுவனம் 1982-ல் பிசி-9801 என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து வந்த வரிசையை ரசிகர்கள் ‘பிசி-98’ என்பார்கள். ஆயிரக்கணக்கான காஞ்சி எழுத்துகளைத் திரையில் சட்டென்று காட்டுவதற்காக, அவற்றைத் தனி சிப்பிலேயே பதித்திருந்தார்கள். ஆபீஸ் வேலைக்கென வந்த இந்த மெஷின், கேம்களின் களஞ்சியமாகவும் மாறியது. ‘தோஹோ’ வரிசையின் முதல் 5 கேம்கள் இதற்காகவே உருவானவை. ஹிடியோ கோஜிமாவின் ‘போலீஸ்நாட்ஸ்’ 1994-ல் முதலில் வந்ததும் இதில்தான்.

இன்று இவற்றை விளையாட விண்டோஸில் ‘நெகோ ப்ராஜெக்ட்’ எமுலேட்டர் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் நெகோ என்றால் பூனை! ஆண்ட்ராய்டு போனில் ‘ரெட்ரோஆர்க்’ ஆப் வழியாக இதன் இன்னொரு வடிவத்தை ஓட்டலாம்.

1. எழுத்து: காஞ்சி சிப்பில் இருப்பது என்.இ.சி-க்குச் சொந்தமானது. அதனால் எமுலேட்டருடன் அது வராது. மாற்று ஃபான்ட் கோப்பை உரிய ஃபோல்டரில் வைத்தால்தான் வசனம் தெரியும். கம்ப்யூட்டரில் உள்ள ஜப்பானிய ஃபான்ட்டிலிருந்தே இதை உருவாக்கித் தரும் எமுலேட்டர்களும் உண்டு.

2. டிரம்ஸ்: யமஹாவின் ஒய்.எம்.2608 சவுண்ட் சிப்புக்குள் 6 தாள ஒலிகள் பதிவாகியிருக்கும். எமுலேட்டரில் அந்த இடத்தை 6 ஆடியோ கோப்புகள் நிரப்ப வேண்டும். அவை இல்லையென்றால், மெட்டு வரும், தாளம் வராது. சவுண்ட் மெனுவில் ‘86’ போர்டைத் தேர்வு செய்யவும் மறக்காதீர்கள். மிகப் பழைய கேம் என்றால் ‘26கே’ போர்டு பொருந்தும்.

3. வேகம்: பல பழைய கேம்கள், பிராசஸர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக ஓடக்கூடியவை. 80-களின் கேம் என்றால் 8 அல்லது 10 மெகாஹெர்ட்ஸில் தொடங்குங்கள். 90-களில் வந்த கேம் திணறினால், படிப்படியாகக் கூட்டுங்கள்.

4. ஜி.டி.சி கிளாக்: படம் வரையும் சிப்பின் வேகம் இது. அசல் மெஷினில் குட்டி ஸ்விட்ச் மூலம் மாற்றுவார்கள். எமுலேட்டரில் மெனுவிலேயே இருக்கும். 2.5 மெகாஹெர்ட்ஸ் வைத்தால்தான் சில கேம்கள் தொடங்கும். கேம் ஆரம்பத்திலேயே நின்றால், முதலில் இதைப் பாருங்கள்.

5. திரை: பெரும்பாலான கேம்களுக்கு 16 வண்ணங்கள்தான். அதனால் இரண்டு வண்ணப் புள்ளிகளைச் சதுரங்கக் கட்டம்போல மாற்றி மாற்றி வைத்து, மூன்றாவது வண்ணம்போலக் காட்டினார்கள் ஓவியர்கள். 640×400 படத்தைத் திரை முழுக்க இழுத்தால், அந்தப் புள்ளிகள் சீரற்றுப் போய், முகத்தில் கோடுகள் விழும். சரியாக 2 மடங்கு, அதாவது 1280×800 வைத்தால் ஓவியர் வரைந்தது அப்படியே தெரியும். போனைப் படுக்கைவசமாகப் பிடித்தால் இந்த அளவு பெரும்பாலும் அடங்கிவிடும். சுற்றிலும் கறுப்பு ஓரம் வந்தால் வரட்டுமே!

இத்தனை மெனக்கெடல் எதற்கு?

பிசி-98 விற்பனை 2003-லேயே முடிந்துவிட்டது. இந்த கேம்கள் பதிவான ஃப்ளாப்பிகளில் காந்தப் பூச்சு உதிர்கிறது, பூஞ்சை பிடிக்கிறது. பல கேம்கள் வேறு எந்த மெஷினுக்கும் வரவே இல்லை. ஃப்ளாப்பி போனால் கேமும் போச்சு!

சொந்த ஃப்ளாப்பி வைத்திருப்பவர்கள் உடனே நகல் எடுத்துவிடுவது நல்லது. இவை நிமிடத்துக்கு 360 முறை சுற்றும் வகை. சாதாரண 1.44 எம்.பி. ஃப்ளாப்பியோ 300 முறைதான் சுற்றும். எனவே இரண்டையும் படிக்கும் ‘3-மோட்’ டிரைவ் தேவை. கண்ட இடத்தில் டவுன்லோடு செய்வது காப்புரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். ஜாக்கிரதை!